ராசு தோட்டத்துக்குப் போன சோதனை மெசேஜ்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களிடம் என்னை ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் நின்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன், படித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். கண் சரியில்லாமல் வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. பெரிய எழுத்தாக எழுதினால் இன்னும் எழுத முடிகிறது.

சர்வரில் புரோக்கரை, அதாவது போனுக்கும் தோட்டத்துப் பெட்டிக்கும் நடுவில் நின்று மெசேஜை வாங்கிக் கொடுக்கும் புரோகிராமை, எப்படி நிறுவுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதற்குள் நான் போகவில்லை. நிறுவியும் சோதித்தும் முடித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன். மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தேன். சின்னமனூரிலிருந்து மார்க்கையன்கோட்டை வரை எந்தக் கிணற்றில் எந்த மோட்டார் கிடக்கிறது என்று கேட்டால் சொல்வேன். விவசாயிகள் சேர்ந்து நடத்தும் நம் கம்பெனி, போனிலேயே மோட்டாரை ஓட்டும் பெட்டிகளைத் தோட்டங்களில் வைக்க ஆரம்பித்தபோது அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பெட்டி மாட்டப் போனவன், வேறு ஆள் இல்லாததால் சர்வர் அறைக்குள்ளும் வந்து சேர்ந்தேன். ஆங்கில எழுத்துகள் தெரியும், வார்த்தைகள் தெரியாது. கமாண்டுகளைப் படம் பார்த்து வரைவதுபோல ஒரு நோட்டில் எழுதிவைத்து, அது என்ன செய்யும் என்று பக்கத்தில் தமிழில் குறித்துக்கொள்வேன். சர்வரை ஓட்டும் லினக்ஸ் எனக்குப் பிடித்துப்போனதற்கு ஒரு காரணம் உண்டு. சொன்ன வேலையைச் செய்து முடித்தால் அது ஒன்றும் பேசாது. வேலை கெட்டால்தான் வாயைத் திறக்கும். நானும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் குமுளியிலிருந்து வாரம் ஒருமுறை பஸ்ஸில் வந்துபோகும் ஒரு எஞ்சினியர். என் மகள் வயதுதான் இருக்கும். நான் மேடம் என்பேன், அவர் அண்ணே என்பார். மற்ற நாட்களில் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தவறாமல் போன் செய்வார்.

"அண்ணே, சந்தேகம் வல்லதும் உண்டோ?" மலையாளம் கலந்துதான் பேசுவார்.

"ஒண்ணும் இல்ல மேடம்."

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. நோட்டு நிறையச் சந்தேகம் இருக்கும். கேட்டால் சிரிப்பாரோ என்று ஒரு கூச்சம். அவர் ஒருநாளும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

புரோக்கரை நிறுவிய அன்று அவர் கூட இருந்தார். திரையில் இரண்டு ஜன்னல்களைத் திறந்து, ஒன்றைக் கேட்கிற பக்கம் என்றும் ஒன்றைச் சொல்கிற பக்கம் என்றும் வைத்தார். "எதாச்சும் அனுப்புங்க அண்ணே" என்றார். என்ன அனுப்புவது என்று தெரியவில்லை. ஆங்கில எழுத்தில் 'சாப்டாச்சா' என்று அடித்தேன். அந்தப் பக்கம் 'சாப்டாச்சா' என்று வந்தது. "ஆச்சு அண்ணே, ஆச்சு" என்றார் மேடம். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சர்வருக்குள்ளேயே சொல்லி உள்ளேயே கேட்டது, அன்றே நடந்துவிட்டது. வெளியே தோட்டங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்ச் சேர மேலும் ஒரு வாரம் ஆனது. எல்லாத் தோட்டமும் சரியாகி, கடைசியில் ராசு அண்ணன் தோட்டம் மட்டும் நின்றது. மலையடிவாரத்தில் இருக்கிற தோட்டம் அது. சிக்னல் வரும், போகும். நான் அனுப்பும் நேரத்தில் பெட்டி இணைப்பில் இருந்தால் மெசேஜ் போகும். இல்லையென்றால் காற்றோடு போய்விடும்.

அந்தத் தோட்டத்தில் பெட்டி மாட்டிய நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று சவரிமுத்து அங்கே கிணற்றுக்குள் வேலையாக இருந்தார். தண்ணீர் உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கிற புட் வால்வு அடைத்துக்கொண்டாலோ மோட்டாருக்குப் போல்ட் இறுக்க வேண்டும் என்றாலோ இந்தப் பக்கத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் மனைவி புஷ்பமும் கூடவே வருவார். மேலே நின்று கயிற்றில் சாமான்களை இறக்குவது அவர் வேலை. கிணறு இறங்குகிறவர்களிடம் இங்கே ஒரு வழக்கம் உண்டு. இறங்குவதற்கு முன் மோட்டாருக்குக் கரண்டைக் கொண்டுபோகும் பீஸ் கட்டையைப் பிடுங்கித் தங்கள் மடியில் முடிந்துகொள்வார்கள். தோட்டக்காரரிடம் தரமாட்டார்கள், பெண்டாட்டியிடமும் தரமாட்டார்கள். மேலே ஏறி வந்து, தாங்களே மாட்டுவார்கள்.

அன்று சவரிமுத்து மடியை அவிழ்த்துக் கட்டையை எடுத்தபோது ராசு அண்ணன் போனை ஆட்டிக் காட்டினார்.

"இனிமே எதுக்குச் சவரி இத மடியில முடிஞ்சுக்கிட்டுத் திரியுற? இங்கன ஒரு அமுக்கு. ஆஃப். தேவதானப்பட்டியில இருந்துகூட அமுக்கலாமாம்."

சவரிமுத்து என்னைப் பார்த்தார். "அப்படியாண்ணே?"

இல்லை, நீங்கள் உங்கள் வழக்கத்தை விடாதீர்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ராசு அண்ணன் முன்னால் அவர் பேச்சை மறுத்துப் பேச வாய் வரவில்லை. சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பைச் சவரிமுத்து ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் கரண்ட் இருக்கும் நேரத்தில் நான் ஆபீசில் இருந்து அந்த மோட்டாரைச் சோதித்தேன். 'ஓடு' என்று மெசேஜ் அனுப்புவேன். ராசு அண்ணன் தோட்டத்தில் நின்று போனில் "வரலண்ணே" என்பார். மறுபடி அனுப்புவேன். "வரலண்ணே. ஒறங்குது போல" என்பார். பத்துத் தடவைக்கு மேல் ஆனது. அலுத்துப்போய் இணையத்தில் தேடினேன். ஒரு பக்கத்தில் நம்முடையதைப்போலவே ஒரு கமாண்ட் இருந்தது. கடைசியில் மட்டும் ஒரு சிறு கோடும் அதை ஒட்டி ஆர் என்ற எழுத்தும் கூடுதலாக இருந்தன. அதைச் சேர்த்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில், "ஓடிருச்சுண்ணே!" என்று கத்தினார். பிறகு எத்தனை முறை அனுப்பியும் ஒன்றுகூடத் தவறவில்லை. நோட்டில் அந்த எழுத்துக்குப் பக்கத்தில் 'தவறாமல் போகும்' என்று குறித்து, கீழே கோடும் போட்டேன்.

அது என்ன எழுத்து என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அன்று தெரியாது. சாதாரண மெசேஜ் நேரில் வாயால் சொல்வதைப்போல. அப்போது அங்கே இருப்பவர் காதில் விழும், அத்தோடு போயிற்று. அந்த எழுத்தைச் சேர்த்து அனுப்பினால் அது சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி. யாராவது கிழிக்கிறவரை, புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் புரோக்கர் அதைக் காட்டிக்கொண்டே இருக்கும். ராசு அண்ணன் போனில் 'ஆஃப்' அமுக்கினால் அது வாயால் சொல்வது. மோட்டார் நிற்கும். ஆனால் சுவரில் 'ஓடு' என்ற நோட்டீஸ் அப்படியே இருக்கும்.

எனக்கு ஒரு அடையாளமும் கிடைத்தது. அன்று நாலரை மணிக்குக் கேட்கிற ஜன்னலைத் திறந்தேன். யாரும் எதுவும் அனுப்பவில்லை. திறந்த உடனே 'ஓடு' என்று வந்து நின்றது. மூடிவிட்டுத் திறந்தேன். மறுபடியும் 'ஓடு'. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்குப் போன் வந்தது.

"அண்ணே, சந்தேகம் உண்டோ?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம் ஒன்றே முக்கால் இருக்கும். ராசு அண்ணன் போன் செய்தார். பின்னால் மேளச் சத்தம்.

"அண்ணே, தேவதானப்பட்டியில ஒரு கல்யாணத்துல நிக்கேன். காலையில கரண்டு வந்ததும் மோட்டார் தானா ஓடிருச்சுண்ணே. மருமகன் அமுக்கிருப்பாப்லன்னு நெனச்சேன். அவரக் கேட்டா இல்லங்காரு."

"ம்."

"தண்ணி பாதியாத்தான் ஏறுச்சு. புட் வால்வு அடைப்பு. நான் போன்ல ஆஃப் பண்ணிட்டுத்தான் வந்தேன். சவரி உள்ள எறங்கிருக்காப்ல. அது ஆஃப்தானண்ணே?"

"ஆஃப்தாண்ணே" என்றேன்.

யார் எதைக் கேட்டாலும் ஒன்றும் இல்லை, சரிதான் என்று சொல்லிப் பழகிய வாய். யோசிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகுதான் 'தானா ஓடிருச்சு' என்ற வார்த்தை உள்ளே போய்ச் சேர்ந்தது. நேற்று யாரும் அனுப்பாமல் வந்த மெசேஜ் கண்ணுக்கு முன்னால் வந்தது. தோட்டத்துக் கரண்ட் அந்த வாரம் எங்கள் பக்கம் காலையில் ஒரு முறை, பகல் இரண்டு மணிக்கு ஒரு முறை என்று விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. கரண்ட் வரும்போது பெட்டி விழித்துக்கொள்ளும். முதல் வேலையாகப் புரோக்கரிடம் போய், எனக்கு ஏதாவது உண்டா என்று கேட்கும்.

திரும்பக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. கல்யாண வீட்டில் யார் காதில் விழும்? சவரிமுத்து கிணறு இறங்கப் போகும்போது போன் கொண்டுபோகிறவர் இல்லை. மேடத்தைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. சனிக்கிழமை அவர் ஊருக்குப் போகும் பஸ், மலைப்பாதையில் எங்கோ ஏறிக்கொண்டிருக்கும்.

புரோக்கரை நிறுத்தும் கமாண்டை அடித்தேன். இரண்டு முறை தப்பாகி, மூன்றாவது முறை சரியாக விழுந்தது. லினக்ஸ் ஒன்றும் சொல்லவில்லை. புரோக்கர் நின்றுவிட்டது. அது நின்றால் பெட்டிக்கு எந்த மெசேஜும் போகாது. வேலை முடிந்தது. நான் நாற்காலியில் சாய்ந்திருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. திங்கட்கிழமை சத்தமில்லாமல் சரிசெய்திருக்கலாம்.

உண்மையைச் சொன்னால், அரை நிமிடம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் நேற்றும் எனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். 'தவறாமல் போகும்' என்று கோடு போட்டு எழுதியவனும் நான்தான். எனக்குத் தெரியாதது இன்னும் என்னென்ன அந்தப் பெட்டிக்குள் இருக்கிறதோ. கடைசியாகக் கேட்டதை அது தனக்குள்ளும் எழுதிவைத்திருந்தால்? ஒரு முறை தப்பான என் கணக்கை நம்பி, பீஸ் கட்டையைக்கூடப் பிடுங்காமல் ஒரு மனிதர் இடுப்பளவு தண்ணீரில் மோட்டாரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார். மணி ஒன்று ஐம்பது. தோட்டத்துக்கு வண்டியில் போய், வாய்க்கால் கரையில் இறங்கி நடக்க இருபது நிமிடம் ஆகும்.

ஆபீசுக்கு அடுத்த வளாகம் மாதா கோயில். அங்கே ஓடினேன். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மைக்கப் போடுங்க" என்றேன்.

பட்டப்பகலில் எங்கள் ஊர்க் கோயில் மைக் பேசினால் அது சாவுச் செய்திதான். அவர் குடத்தைக் கீழே வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். "யாரு?"

"யாரும் சாகல. மைக்கப் போடுங்க."

"சாமியார் மதுரைக்குப் போயிருக்காக. அவுகளக் கேக்காம எப்படி..."

"சவரிமுத்து கிணத்துக்குள்ள இருக்காப்ல. ரெண்டு மணிக்குக் கரண்டு வரும்."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. சாவியைத் தேடினார். திறந்தார். மைக்கைத் தட்டி என் கையில் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு நின்றேன். ஊர் முழுக்க என் மூச்சுச் சத்தம் கேட்டதாம்.

"பேசுங்கண்ணே. மணி ஓடுது" என்று முதுகில் குத்தினார்.

"சவரிமுத்து" என்றேன். என் குரல் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. "சவரிமுத்து, ராசு தோட்டத்துக் கிணத்த விட்டு மேல வாங்க. புஷ்பம், அவரக் கூப்பிடுங்க. ஆஃப்னு சொன்னது பொய்யி. மோட்டார் தானா ஓடும். பீஸ் கட்டையப் புடுங்குங்க. தப்பு என்னுது. நான் தப்பா அனுப்பிட்டேன். மேல வந்துருங்க."

இதையே திருப்பித் திருப்பி, உபதேசியார் என் கையிலிருந்து மைக்கை வாங்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். கோயில் எதிரே இருந்த மாவு மில் ஓட ஆரம்பித்தபோதுதான் கரண்ட் வந்துவிட்டது என்று தெரிந்தது. இரண்டு மணிக்கு இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.

வண்டியை எப்படி ஓட்டிப் போனேன் என்று நினைவில்லை. வாய்க்கால் கரையில் ஓடி, தென்னைகளைத் தாண்டியதும் பார்த்தேன். சவரிமுத்து கிணற்று மேட்டில் உட்கார்ந்து துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். மோட்டார் ஓடவில்லை. புஷ்பம் பீஸ் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வரப்பிலேயே உட்கார்ந்தேன்.

"ஏண்ணே, மைக்கில பேசுனது நீங்களா?" என்றார் சவரிமுத்து. "உங்க சொந்தத் தங்கச்சி கல்யாணத்துல வாங்கன்னு ஒரு சொல்லு சொல்லல நீங்க. இன்னைக்கு ஊரையே எழுப்பிட்டீக."

"மன்னிச்சுக்கங்க" என்றேன்.

"ஓடலயேண்ணே. சும்மா பயந்துட்டீக."

"ஓடியிருந்தா?" என்றார் புஷ்பம். அவர் சிரிக்கவில்லை. "இன்னைக்கு நீங்க ஆபீஸ்ல இருந்தீக, மைக்கு இருந்துச்சு. நாளைக்குப் பொட்டிப்புரத்துப் பக்கம் ஒரு கிணத்துல எறங்குவாக. அங்கன யாரு கூப்புடுவா? இனிமே இந்தப் பொட்டி இருக்குற கிணத்துல இவுக எறங்கமாட்டாக."

"ஏ புள்ள, பாதித் தோட்டத்துல இந்தப் பொட்டிதான். எறங்காம என்னத்தத் திங்குறது?"

"எறங்கமாட்டாகன்னா எறங்கமாட்டாக."

அந்தப் பேச்சு புஷ்பம் சொன்னபடியே நின்றது. மூன்று தோட்டங்களிலிருந்து கூப்பிட்டும் சவரிமுத்து வரவில்லை. பெட்டியைக் கழற்றிக்கொண்டு போகும்படி எங்களுக்குப் போன் வந்தது.

மேடம் திங்கட்கிழமை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். நோட்டைக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அந்த எழுத்தை விரலால் தொட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"டெய்லி கேட்டேனே அண்ணே, சந்தேகம் உண்டோன்னு."

"கூச்சமா இருந்துச்சு மேடம்."

நோட்டை மூடி என்னிடம் நீட்டினார். "கேட்டதுல தப்பு என்னோடதும் உண்டு" என்றார் பிறகு. "சந்தேகம் உண்டோன்னா யாரும் இல்லன்னுதான் சொல்லும். இன்னைக்கு என்ன பாத்தீங்கன்னு கேட்டிருக்கணும்."

அன்றிலிருந்து எனக்குக் கீழே வந்த யாரிடமும் நான் சந்தேகம் உண்டா என்று கேட்டதில்லை. என்ன பார்த்தாய் என்றுதான் கேட்பேன். நீங்களும் உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களிடம் அப்படிக் கேளுங்கள். உங்களிடம் யாரும் கேட்கவில்லையென்றால், பார்த்ததை நீங்களே போய்ச் சொல்லுங்கள். யாரும் அனுப்பாமல் ஒரு மெசேஜ் வந்தது என்று சொல்ல ஆங்கிலம் வேண்டாம், படிப்பும் வேண்டாம்.

அந்த நோட்டீஸைக் கிழிக்க, அதே எழுத்தோடு ஒரு வெற்று மெசேஜ் அனுப்ப வேண்டும். புரோக்கரை மறுபடி ஓடவிட்டு, மேடம் சொன்னதை நான் அடித்தேன். ஜன்னலைத் திறந்தோம். ஒன்றும் வரவில்லை. பிறகு, கரண்ட் போய் வந்தால் மனிதர் அமுக்காமல் ஓடாதபடி பெட்டிகளையும் ஒவ்வொன்றாக மாற்றினோம். எல்லாம் முடிந்ததும் ராசு அண்ணன் தோட்டத்தில் சோதிக்கப் போனோம். சவரிமுத்துவையும் புஷ்பத்தையும் வரச் சொல்லியிருந்தேன். மேடம் பொறுமையாக விளக்கினார். புஷ்பம் கேட்டுக்கொண்டார்.

"சரிம்மா. யார உள்ள எறக்கி விட்டுச் சோதிப்பீக?"

"நான் எறங்குறேன்" என்றேன்.

"அண்ணே, வேண்டா. மேல நின்னு பாத்தாலே போதும்" என்றார் மேடம்.

அவர் சொன்னதுதான் சரி. இதை நீங்கள் யாரும் செய்யக் கூடாது. மேடம் இதற்காக ஒரு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஆனால் மேலே நின்று சொல்லும் என் வார்த்தையை நம்பப் புஷ்பத்துக்கு எந்தக் காரணமும் இல்லை.

கிணற்றுப் படியில் இறங்கி எவ்வளவோ வருடம் ஆகியிருந்தது. சவரிமுத்து இறங்குவதுபோல எனக்கு வரவில்லை. ஒவ்வொரு கல்லாகப் பிடித்து இறங்கி, மோட்டார் இருக்கும் திட்டில் போய் உட்கார்ந்தேன். இரண்டு முறை நானே காயில் கட்டிய மோட்டார் அது. பக்கத்துச் சுவரின் பொந்துகளில் புறாக்கள் இருந்தன. மோட்டார் அசைந்தாலே பறந்துவிடுகிற புறாக்கள். மேலே வட்டமாக வானம், அதன் விளிம்பில் மூன்று தலைகள்.

பக்கத்துத் தோட்டத்து மோட்டார் உறுமும் சத்தம் கல்லுக்குள் கேட்டது. கரண்ட் வந்துவிட்டது. பெட்டி விழித்திருக்கும். புரோக்கரிடம் போய் இந்நேரம் கேட்டிருக்கும். என் முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மோட்டார். எண்ணிக்கொண்டே இருந்தேன். முந்நூறு வரை எண்ணினேன். ஒரு புறாகூட அசையவில்லை.

"என்னண்ணே ஆச்சு?" சவரிமுத்துவின் குரல் மேலேயிருந்து வந்தது.

"ஒண்ணும் ஆகல!"

"இன்னுங் கொஞ்சம் இருக்கட்டும்" என்றார் புஷ்பம்.

இன்னும் கொஞ்சம் இருந்தேன். மேடத்தின் தலை போய் வந்து போய் வந்துகொண்டிருந்தது. புஷ்பத்தின் தலை அசையவே இல்லை. அவர் என்னையா மோட்டாரையா, எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று கீழேயிருந்து தெரியவில்லை. எவ்வளவு நேரம் ஆனது என்று நான் பார்க்கவில்லை. அவர் போதும் என்று சொல்கிறவரை உட்கார்ந்திருப்பது என்று மட்டும் முடிவு செய்திருந்தேன்.

கடைசியில் மேலே புருஷனும் பெண்டாட்டியும் ஏதோ பேசிக்கொண்டார்கள். மெயின் சுவிட்சை இறக்கும் சத்தம் கேட்டது. பிறகு கால் சத்தம். சவரிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, படிகளில் தடதடவென்று இறங்கி வந்தார். அன்று பாதியில் விட்ட புட் வால்வைப் பார்க்க என்னைத் தாண்டித் தண்ணீரில் கால் வைத்தவர், அண்ணாந்து பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, பைப்பு ரெஞ்ச எறக்கு."

ரெஞ்சு கயிற்றில் ஆடிக்கொண்டே இறங்கி வந்தது.